செருப்பு எண்ணும் பெண்

1

இந்தக் கதை திருட்டுப் பொருள். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உரியவள் என் அக்கா மகள், வயது பதினைந்து. நான் திரைக்கதை எழுதுகிறவன். அவளுடைய ரகசியம் ஒன்றை எடுத்து ஒரு படத்தின் தொடக்கமாக வைத்துவிட்டேன்.

2

மனிதர்களிடமிருந்து ஒதுங்கும் பெண்ணைப் படத்தில் எப்படி அறிமுகம் செய்வது? இயக்குநர் எழுதியது: ஜன்னலோரம், மழை, காதில் ஹெட்போன், கண்ணில்

(அடித்துவிட்டேன்.)

அது சோகத்தைக் காட்டும், ஒதுங்குதலைக் காட்டாது. ஒதுங்குகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. ஓயாமல் கணக்குப் போடுகிறார்கள். இப்படிப் பாருங்கள். பள்ளி விட்டு வருகிறாள். வாசலில் செருப்புகள். அவள் கண்ணாகக் கேமரா தரையோடு நகர்கிறது. அம்மாவுடையது, அப்பாவுடையது, பிறகு மூன்று அந்நிய ஜோடிகள். ஒன்று நாடா கட்டிய ஷூ. அவ்வளவு மெனக்கெட்டுக் கழற்றியவர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட மாட்டார். மணியடிக்க நீண்ட கை மடங்குகிறது. ஓசைப்படாமல் மேலே ஏறி, மொட்டைமாடிக் கதவுக்கு முந்தைய படியில், பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்து உட்கார்கிறாள்.

அந்தச் செய்தித்தாள்தான் சூட்சுமம். ஓரம் நைந்திருக்கிறது. இது முதல் தடவை அல்ல என்று வசனமில்லாமலே சொல்லியாயிற்று.

3

அக்காவுக்கு இது தெரியாது. அந்த நாட்களில் மகள் தோழி வீட்டில் படிப்பதாக நம்புகிறாள். "முன்ன மாதிரி இல்லடா, இப்ப எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுறா" என்று பூரிக்கிறாள்.

நான் பார்த்தது தற்செயல். அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறினேன்.

"மாமா, நீங்க என்னைப் பாக்கல."

"யாரு பேசுறது? குரல் மட்டும் கேக்குது!"

சிரித்தாள். நம்பினாள். நான் வீட்டுக்குப் போய் எழுதினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை திரையிடல். அக்காவும் வருகிறாள். மனசு உறுத்த, முன்னதாகவே அக்கா மகளைப் படத்தொகுப்பு அறைக்குக் கூட்டிப்போனேன். மூன்று நிமிடம் அசையாமல் பார்த்தாள்.

"பெரிய ஆளுதான் மாமா நீங்க."

(இது பாராட்டல்ல.)

"கோவமா?"

"அவ ஏன் அழுவுற மாதிரி உக்காந்திருக்கா? எனக்கு அங்க எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

தொகுப்பாளர் மறுபேச்சில்லாமல் முகத்தை வெட்டி, முதுகை மட்டும் வைத்தார். நான்கு நொடி குறைந்தது, காட்சி நிமிர்ந்துவிட்டது.

"இப்ப சரி. ஆனா அம்மா பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. எனக்கு ஃப்ரெண்டே இல்லன்னு தெரிஞ்சா…"

அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

5

முடிவு அ: காட்சியை எடுத்துவிடுகிறோம். அக்கா தொடர்ந்து பூரிக்கிறாள்.

முடிவு ஆ: இருட்டில், திரையைப் பார்த்தபடி, அக்கா மெல்ல மகளின்

இரண்டையும் அவளிடம் சொன்னேன்.

"ரெண்டும் வேணாம். அம்மாகிட்ட நானே சொல்றேன். எப்பன்னு கேக்காதீங்க. அதுவரைக்கும் இது படத்துல வரக்கூடாது."

"கதையா எழுதலாமா?"

"அடங்க மாட்டீங்களே! எழுதுங்க. நான் சரின்னு சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டக்கூடாது."

இந்த முறை வாக்குத் தவற மாட்டேன். ஞாயிறு அந்தக் காட்சி இல்லாமலே போகும். இயக்குநர் என்னைத் திட்டட்டும். இந்தத் தாள்கள் மேசை இழுப்பறைக்குள் போகின்றன. அவள் தன் அம்மாவிடம் பேசி, என்னிடம் சரி சொல்லும்வரை வெளியே எடுக்க மாட்டேன்.

நீங்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவள் என்ன சொன்னாள், அக்கா என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் பேசிய அறையில் நான் இல்லை. இருந்திருந்தால், அதையும் எழுதியிருப்பேன்.