வெறுஞ்சுவரில் முதல் நாள்

அவரை எல்லாரும் மார்க்கு வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. டிவி, ஸ்பீக்கர், ஹெட்போன் என்று ஜனங்கள் ஆசைப்பட்டு வாங்குகிற சாமான்களை நாலு நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு இணையத்தில் எழுதுவது அவர் பிழைப்பு. பெயர் வைத்தது அவருடைய அக்கா. தன் பன்னிரண்டு வயதில், அவள் போட்டுக் கொடுத்த காபிக்கு ஆறரை மார்க்குப் போட்டார். சரி மார்க்கு வாத்தியாரே என்று அக்கா டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், ஐம்பத்து நாலு வயதாகியும் உதிரவில்லை.

இந்த முறை வந்தது ஒரு புரொஜெக்டர். பழைய புரொஜெக்டர்களைப் போல அறையின் பின்பக்கம் கூரையில் தொங்கவிட வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய மாதிரி, ஒரு சாண் தள்ளி, தாழ்வான மேஜையில் வைத்தால் போதும். சுவரை உரசிக்கொண்டு வெளிச்சம் மேலே ஏறி, பத்தடி அகலத்துக்குப் படம் விரியும். குறுக்கே ஆள் நடந்தாலும் நிழல் விழாது. பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தே பார்க்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டாலே வாத்தியாருக்குக் கை பரபரக்கும்.

அதற்கென்றே செய்த திரை மறுநாள் வருவதாக இருந்தது. ஆனால் வாத்தியாருக்கு ஒரு விதி உண்டு. எந்த புரொஜெக்டராக இருந்தாலும் முதல் நாள் வெறுஞ்சுவரில்தான். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திரைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரிலேயே ஓட்டுவார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டாமா என்பது அவர் கட்சி. பதினோரு வருடத்தில் அந்த விதியை அவர் மீறியதில்லை.

பத்தடிக்கு அலமாரி, ஜன்னல், சுவிட்ச் எதுவும் இல்லாத சுவர் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அக்காவின் அறையில் இருந்தது.

அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. மருந்துக்கடையில் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பை மாட்டியபடியே, திரை வரும்வரை பொறுத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்றாள். விதியைப் பற்றி அவர் ஆரம்பித்ததும், உங்கள் விதியை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல்வரை போய் மறுபடி திரும்பி வந்து, வேறு சுவர் இல்லவே இல்லையா என்று ஒரு தடவை கேட்டாள். அக்காவின் அறையைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அக்கா அந்த அறையில் படுத்த படுக்கையாக இரண்டு வருடம் கிடந்தாள். பக்கவாதம் அவளுடைய பேச்சையும் வலது பக்கத்தையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பிறகு ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். தூக்கத்தில் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று மனைவி சொன்னாள். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் வாத்தியாரும் அதையே சொன்னார்: கொடுத்து வைத்தவள், தூக்கத்திலேயே போய்விட்டாள். இந்த ஒன்றரை வருடத்தையும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஓட்டினார். ஏனென்றால் அன்றைக்கு மனைவி வீட்டில் இல்லை. அவர் இருந்தார். அடுத்த அறையில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவள் கூப்பிட்டு, தன் காதில் விழாமல் போயிருந்தால் என்ற நினைப்பு எப்போதாவது தலைகாட்டும். உடனே அந்த வாக்கியத்தை எடுத்துச் சொல்லிக்கொள்வார். நினைப்பு அடங்கிவிடும்.

அறையைத் திறந்தபோது மருந்து வாடைகூட இல்லை. கட்டிலை எப்போதோ யாருக்கோ கொடுத்தாயிற்று. வெள்ளைச் சுவர் மழமழவென்று நின்றது. அவர் மேஜையை இழுத்துப் போட்டு, மெஷினை வைத்து, நாலு மூலையும் நூல் பிடித்தாற்போல் வரும்வரை விரலால் நகர்த்தி நகர்த்திச் சரிபார்த்தார். இந்த வகை மெஷினில் ஒரு நெல் அளவு தள்ளினாலும் மேலே படம் கோணிக்கொண்டு நிற்கும். ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு, வழக்கமாக ஓட்டுகிற காட்சியைப் போட்டார். பரந்த பனிவெளி, ஆளரவம் இல்லை, தூரத்தில் ஒற்றை மரம்.

வெளிச்சம் பிரமாதம். எட்டரைக்குக் குறையாது என்று மனசுக்குள் போட்டுக்கொண்டார். பனியின் மேல் இடது பக்கம், கீழாக, ஏதோ சின்னப் பிராணி நடந்துபோன தடம் தெரிந்தது. இந்தக் காட்சியை நூறு தடவை பார்த்திருக்கிறார். தடத்தைப் பார்த்ததில்லை. அடடா, எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது என்று மெஷினை மெச்சிக் குறிப்பேட்டில் எழுதவும் செய்தார்.

காட்சி மாறி வானம் வந்தது. வானத்திலும் அதே இடத்தில் அந்தத் தடம் இருந்தது.

அடுத்து ஒரு பெண்ணின் முகம் சுவர் முழுக்க வந்தது. கன்னத்திலும் தாடையிலும் அதே தடம். முகம் திரும்பியது, சிரித்தது. தடம் அசையாமல் நின்றது. தொழில் புத்தி உடனே குறுக்கே வந்து, கண்ணாடியில் தூசி என்றது. துடைத்தார். தடம் போகவில்லை. மெஷினை இரண்டு விரற்கடை நகர்த்தினார். படம் நகர்ந்தது, தடம் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் அது மெஷினில் இல்லை.

ட்யூப்லைட்டைப் போட்டார். சுவர் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அணைத்தார். வந்துவிட்டது. போட்டார், போய்விட்டது. இப்படி ஏழெட்டுத் தடவை, விளக்கோடு மல்லுக்கு நின்றார். கையால் தடவிப் பார்த்தால் பெயிண்டின் வழவழப்புதான். எதிரே நின்று பார்க்கிற எந்த வெளிச்சத்துக்கும் அது தெரியாது. கீழேயிருந்து சுவரை உரசிக்கொண்டு ஏறுகிற இந்த வெளிச்சத்துக்கு மட்டும் தெரிகிறது.

படத்தை நிறுத்திவிட்டு, குறை கண்டுபிடிக்க வைத்திருக்கும் வெறும் வெள்ளையைப் போட்டார். சுவர் முழுக்க வெள்ளை. மண்டியிட்டுக் கிட்டத்தில் போனார். ஒவ்வொன்றும் நகக்கண் அளவில் பிறை வடிவம். கீழ் விளிம்பில் நிழல், மேல் விளிம்பில் வெளிச்சம். வெளிச்சம் கீழேயிருந்து வரும்போது அப்படித் தெரிந்தால் அது புடைப்பு இல்லை, பள்ளம். யாரோ அதைப் பட்டி மாவு வைத்து நிரப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பட்டி காய்ந்து மயிரிழை அளவு உள்ளே இறங்கியிருக்கிறது. இவ்வளவும் அவர் தொழில்முறையில் யோசித்தார். அதற்குமேல் யோசிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பிறைகள் எந்த உயரத்தில் ஆரம்பிக்கின்றன என்று பார்த்துவிட்டார். கட்டிலில் படுத்திருப்பவர் இடது கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் அது. பிறை, எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு.

சுவரில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

அக்காவின் இடது பக்கத்தில் எப்போதும் ஒரு டம்ளர் இருக்கும். ஏதாவது வேண்டுமென்றால் அதைக் கட்டில் கம்பியில் தட்டுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள். பேச்சுப் போன பிறகும், இத்தனை தட்டினால் இது என்று ஒரு பாஷை உண்டாக்கி வைத்திருந்தாள். அது என்ன பாஷை என்று வாத்தியாருக்குத் தெரியாது. தட்டுகிற சத்தம் கேட்டதும் மனைவி எழுந்து போய்விடுவாள். அதனால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அன்றைக்குத் தன் மேஜையில் என்ன இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து வருகிற சத்தம் எதையும் உள்ளே விடாத ஹெட்போன். மூன்று மணி நேரம் கழற்றாமல் போட்டுப் பார்த்தார். பக்கத்து அறையில் சுவரே இடிந்தாலும் கேட்காது என்று எழுதி, ஒன்பதரை மார்க்குப் போட்டார். அவர் வாழ்க்கையிலேயே அதற்குமேல் எதற்கும் போட்டதில்லை.

மெஷினின் விசிறி சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில், இப்போது யாரும் இல்லாத இடத்தில் யாரோ படுத்துக்கொண்டு தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தார். திறந்து வைத்தபிறகு, அவளை விட்டு ஓடப் பார்க்கிற மாதிரி, அது தப்பாகப் பட்டது. மறுபடி வந்து உட்கார்ந்தார். பிறைகள் தாறுமாறாக இல்லை. மூன்று, இடைவெளி, மூன்று, இடைவெளி, மூன்று. மேலே ஆழமாக ஆரம்பித்து, போகப்போகக் கீழே இறங்கி, மேலோட்டமாகிக்கொண்டே வந்தன.

ஒரு மணிக்கு மனைவி வந்தாள். அறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"நீயா பூசினே?" என்று கேட்டார்.

"நான்தான்."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். அன்றைக்குக் கடையில் சரக்கு சரிபார்க்கிற நாள், அவள் வர நாலு மணி ஆகிவிட்டது. முதலில், அண்ணி என்று அவள் கூப்பிடுகிற அக்காவின் அறைக்குத்தான் போனாள். டம்ளர் தரையில் கிடந்தது. போர்வையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அண்ணியின் உடம்பில் சூடு இல்லை. அவள் சத்தம் போடவில்லை. தூளைத் துடைத்தாள், டம்ளரைக் கழுவி அடுக்களையில் வைத்தாள், போர்வையை மாற்றினாள், பள்ளங்கள் தெரியாதபடி தலையணையைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் அடுத்த அறைக்குப் போய் அவர் தோளைத் தொட்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் என்ன என்று கேட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றாள். காரியமெல்லாம் முடிந்து அவர் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் பட்டி வாங்கி வந்து தானே பூசினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க உயிரோட இருந்திருப்பீங்களா?"

மூன்று தட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டார். சொந்த அக்காவின் பாஷையைப் பொண்டாட்டியிடம் கேட்க வேண்டியிருந்தது. அவமானமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஒன்று என்றால் தண்ணி என்று ஆரம்பித்து அவள் நிறுத்தினாள். அவர் விடவில்லை.

"மூணுன்னா தம்பியைக் கூப்பிடுன்னு அர்த்தம்" என்றாள். "எத்தனை நாள் வந்து சொல்லியிருக்கேன், அண்ணி உங்களைக் கேக்கறாங்கன்னு. இதோ வரேன்னு சொல்வீங்க. அப்புறம் மறந்துடுவீங்க. வேலையா இருக்கார், சாயங்காலம் வருவார்னு நான் போய்ச் சொல்லிடுவேன். எப்பவும் கட்டில் கம்பியிலதான் தட்டுவாங்க. சுவத்துல தட்டினது அன்னிக்கு மட்டும்தான். நீங்க அந்தப் பக்கம் இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

வாத்தியார் அழுதார். துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் அழாத அழுகை, அறையே வெளுத்துக் கிடந்த அந்த வெளிச்சத்தில் அவரைப் போட்டு உலுக்கியது. மனைவி பையோடு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முதுகில் கை வைத்தாள், எடுக்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு முழுச்சுவரையும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம் என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தார். நாளைக்குத் திரை வந்து சுவரை மூடிவிடும், மூன்று நாளில் இந்த மெஷினும் திரும்பிப் போய்விடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் எந்த விளக்கைப் போட்டாலும் அக்கா தெரிய மாட்டாள். இன்றைக்கே எண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது அவருக்கு. எண்ண வேண்டிய ஆள் அவர் ஒருத்தர்தான்.

விரலை வைத்து வைத்து எண்ணினார். மூன்று மூன்றாகப் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். பதினெட்டாவது, படத்தின் கீழ் விளிம்பை ஒட்டி, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் மெல்லிசாக இருந்தது. முகத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தார். இரண்டுதான். மூன்றாவதைத் தேடினார், வெகு நேரம் தேடினார். இல்லை.

"கடைசியில ரெண்டுதான் இருக்கு" என்றார். "ரெண்டுன்னா என்ன?"

"ஒண்ணுமில்ல, நீ உன் வேலையைப் பாருன்னு அர்த்தம்" என்றாள்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண் கொட்டாமல் அவரையே பார்த்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தோளைத் தொட்டுவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று சொன்னபோதும் இதே முகம்தான் இருந்தது.

அக்கா அவரை மன்னித்துவிட்டு டம்ளரைக் கீழே விட்டாளா, அல்லது மூன்றாவது தட்டுக்குக் கையில் தெம்பில்லாமல் போயிற்றா என்பது இந்த ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். நிஜமாகவா என்று அவர் ஒரு தடவை கேட்டால் போதும், இனிமேல் அவளால் மறைக்க முடியாது, உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அவர் கேட்கவில்லை.