லீமா தைத்த களசம்

1931 ஈஸ்டருக்குக் கப்பலிலிருந்து விடுப்பில் வந்த ததேயுஸ், குளச்சல் கோயிலுக்குக் களசம் போட்டுக்கொண்டு போனான். கப்பலில் கொடுத்த மாலுமிக் கால்சட்டை அது. இடுப்பில் ஒழுங்காகத்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே விரிந்து தரையைப் பெருக்கியது. பூசை முடிவதற்குள் ஊருக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

"ஏலே, ஒரு காலுக்குள்ள ரெண்டுபேரு நிக்கலாமே!"

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ததேயுஸும் சேர்ந்து சிரித்தான். அவன் மனைவி லீமாவுக்குத்தான் மானம் போயிற்று. கலியாணமாகி ஒன்றரை வருஷம். அதில் அவனோடு இருந்தது நாற்பது நாள். அதையும் ஊர் சிரித்தே தீர்ப்பதா என்று அழுகை வந்தது.

மறுநாள் அவன் கடற்கரைக்குப் போன நேரம் பார்த்து, களசத்தின் இரண்டு காலிலும் விரிந்த அகலத்தை உள்ளே மடக்கி, ஒடுக்கித் தைத்துவிட்டாள். துணியை வெட்டவில்லை.

"பிடிக்கலன்னா நூலுக்க தும்ப இழுத்தா போரும். பழையபடி ஆயிரும்" என்றாள்.

அவன் தையலைத் தடவிப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குட்டி" என்றான். அதைப் போட்டுக்கொண்டுதான் கப்பலுக்கும் போனான்.

பிறகு லீமாவுக்குக் கடல் இரைச்சல்தான் துணை. ஒற்றை ஆளுக்கு அரிசி களைவதில் என்ன இருக்கிறது? பல நாள் அடுப்பையே பற்றவைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆவணியில் அவனுடைய பெட்டி மட்டும் வந்தது. கொண்டுவந்தவன், கூட வேலைபார்த்த சூசைமிக்கேல்.

"தவறிக் கடல்ல விழுந்துட்டான் மைனி. களசத்த உருவப் பாத்தான், பூட்சுல மாட்டிக்கிட்டு. படகு போறதுக்குள்ள தாந்துட்டான்."

பெட்டிக்குள் அகலக் களசம் இரண்டு, மடிப்புக் கலையாமல் இருந்தன. அழுது ஓய்ந்தபின் லீமா அவற்றைப் பார்த்தாள்.

"இத எதுக்கு இம்புட்டு அகலமா தைக்கியாவ?"

"தண்ணில விழுந்தா பூட்சோட ஒரே இழுப்புல உருவத்தான். கப்பல்ல ஏறுன அன்னைக்கே சொல்லித் தருவாவ."

"அப்ப அவருக்கும் தெரியும்."

"தெரியாதா? நாங்களும் சொன்னோம். அவன் கேக்கணுமே! 'இது எனக்க பொண்டாட்டி தைச்சதாக்கும்'னு சொல்லுவான்."

துக்கம் கேட்க ஊரே வந்தது. கோயிலில் சிரித்தவர்களும் வந்து, தங்கமான மனுஷன் என்றார்கள். லீமா அகலக் களசத்தின் கால்விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரே நூல். தும்பை இழுத்திருந்தால் போதும். பதினாறு மாதம் அவன் இழுக்கவில்லை.