அக்கா சொன்ன 'தெரியல'

1

இந்தக் கதை எனக்கு அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் கிடைத்தது. தண்ணீர் எடுக்கப் போனேன். பால் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே வெள்ளைப் பொடி. 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்கு அல்ல' என்று ஒட்டியிருந்தது.

"ஆபீஸ் சாமானெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவியா?" என்று கேட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும்தான் அது அவளுடையதல்ல என்று புரிந்தது.

குப்பியில் ஒட்டியிருந்தது ஒரு பெப்டைடின் பெயர். அதனால் இந்தக் கதையை முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, அது...'

(அடித்துவிட்டேன். புரதத்தின் குட்டித் துண்டு என்று தெரிந்தால் போதும்.)

2

புதிய பெப்டைடு மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்து, என்ன கெடுதல் வருகிறது என்று பார்ப்பது அக்காவின் வேலை. "குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குறவ" என்பார் மாமா. மாமா என்றால் அக்காவின் கணவர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஏணியிலிருந்து விழுந்ததில் வலது தோளில் தசைநார் கிழிந்தது. தைத்தும் சரியாகச் சேரவில்லை. கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. சட்டையை அக்காதான் மாட்டிவிடுகிறாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஆய்வகத்துக்கு ஒரு பெப்டைடு வந்தது. தசைநார் அறுந்து நொண்டிக்கொண்டிருந்த எலிகள், ஊசி போட்டபின் கம்பியில் ஏறின. சந்தோஷத்தில் வீட்டில் சொல்லிவிட்டாள். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

பிறகு, வயதான எலிகள் சிலவற்றில், முன்பே இருந்த கடுகளவுக் கட்டிகள் கிடுகிடுவென்று வளர்ந்திருப்பதைப் பார்த்தாள். காயத்துக்குப் புது ரத்தக்குழாய் போட்டுக் கொடுத்த மருந்து, கட்டிக்கும் போட்டுக் கொடுத்திருக்கலாம். (இந்த 'லாம்' அக்காவுடையது. அடித்துச் சொல்ல எலிகள் போதாதாம்.) அவள் அறிக்கை கொடுத்ததும், மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள்.

இதை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை.

3

இங்கே ஒரு சண்டை வேண்டும் என்றது எழுத்தாளப் புத்தி. 'அக்கா குப்பியைச் சுவரில் வீசி...'

இல்லை. குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க வாங்கினீங்க?"

"ஆன்லைன்ல. நீ சொன்ன அதே பேரு."

"போட்டுக்கிட்டீங்களா?"

"ஊசிய வெளிய எடுத்தேன். தலை சுத்திடுச்சு. உள்ள வச்சுட்டேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கட்டிகளைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்கும் அப்படி வருமா?"

"தெரியல."

"வராதுன்னும் சொல்ல முடியாதா?"

"அதுவும் தெரியல. தெரியலன்னு தைரியமா சொல்றதுதான் என் வேலை. உங்ககிட்ட மட்டும் வாய் வரல. அவ்வளவு ஆசையா இருந்தீங்க."

மாமா மேசையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"காலைல எனக்குச் சட்டை போட்டுவிட்டே உனக்கு பஸ் போயிடுது. அதான்."

(நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.)

4

குப்பியை அக்கா ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று.

இனி முடிவு. மருந்து நல்லதென்று தெரிந்து மாமா மறுபடி ஏணி ஏறுகிறார் என்று எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அக்கா கண்ணால் பார்த்ததை நான் பேனாவால் அழிக்கலாமா? மாமா ரகசியமாக ஊசி போட்டு, பிறகு... (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவர் என் மாமா.)

வயதான எலிகளை இன்னும் அதிகமாக வைத்து அக்கா ஆய்வை மறுபடி தொடங்கியிருக்கிறாள். பதில் வர நாளாகும்.

இதுவரை எழுதியதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"கதைலயாவது என் கையத் தூக்கிவிடேன், மாப்ள."

அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

எனக்குத் துணிச்சல் இல்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன். தூக்குவதானால் மெதுவாகத் தூக்குங்கள், அவருக்கு வலிக்கும்.