இருபத்தாறு கிலோ

இருபத்தாறு என்று சொன்னது நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு, ஐந்து கமராவுக்கு முன்னால், பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். அம்மா பதினெட்டு என்றாள். அவள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதற்காகத்தான் என்னை அவள் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான் இருபத்தாறு என்றேன்.

என் பெயர் நிஷாந்தினி. திகனயில் மர்சூக் நானாவின் பட்டறையில் எட்டு வருடமாக ஸ்கூல் பேக் தைக்கிறேன். அம்மா வீரம்மா, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில் அவளுக்கு முடி கிடையாது. உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு வழுக்கை. கண்டி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்றார். பாரம் தூக்காமல் கொழுந்து பறிப்பது எப்படி என்று அவர் மருந்துத் துண்டில் எழுதித் தரவில்லை.

ஆகவே நான் ஒரு பை தைத்தேன். பாரம் தலைக்குப் போகாமல் இடுப்புக்கும் தோளுக்கும் பிரிகிற மாதிரி அகலப் பட்டி. கொழுந்து சூடேறாமல் இருக்க இரண்டு பக்கமும் வலை. கொட்டுவதற்கு அடியில் ஒரு ஸிப். மர்சூக் நானாவிடம் மிஞ்சின மழைத்துணியில் நான்கு தடவை தைத்து, நான்கு தடவை பிரித்து, ஐந்தாவதில் சரிவந்தது. அம்மா அதை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய் வந்த அன்று, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலிக்கல புள்ள" என்றாள். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது!

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். நல்ல கொழுந்துக் காலத்தில் அம்மாவால் அதற்கு மேலும் பறிக்க முடியும். ஆனால் தராசில் காட்டமாட்டாள். எங்கள் மலையில் யாருமே காட்டமாட்டார்கள். பத்தொன்பது, மிஞ்சினால் இருபது. அதற்கு மேல் இருக்கிற கொழுந்து, நிறுக்கிற இடத்துக்கு வருவதற்கு முன்பே, முடியாதவளின் கூடைக்குக் கைப்பிடி கைப்பிடியாகப் போய்விடும். பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரி, முழங்கால் வீங்கின மூக்காயி அக்கா. யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. ஒருத்தி இருபத்தைந்து என்று காட்டினால் அடுத்த மாதம் எல்லோரையும் இருபத்தைந்து கேட்பார்கள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதுவும் போக, மூக்காயி அக்காவும் சாப்பிட வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். நான் அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள். திகனயில் எட்டு வருடம் இருந்ததில் தெரிந்ததை எல்லாம் 'பழைய ஆட்களின் பயம்' என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

'கோடிக் கதவு' என்ற நிகழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு பின்னேரம் போடுவார்கள். ஐந்து பணக்காரர்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், நான் இன்னதைச் செய்கிறேன், இவ்வளவு பணம் போடுங்கள், இவ்வளவு பங்கு தருகிறேன் என்று கேட்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொடுத்தது மர்சூக் நானாவின் மகள் நுஸ்ஹா. ஒரு மாதத்தில் கொழும்பிலிருந்து பியூமி என்ற பெண் பேசினாள். பை அருமை, அம்மாவையும் கூட்டி வாருங்கள், ஆனால் கதை மட்டும் போதாது, இலக்கம் வேண்டும் என்றாள். இந்தப் பையால் எவ்வளவு கூடுகிறது? எத்தனை வீதம்? கழுத்து வலிக்கவில்லை என்று சொன்னேன். அது இலக்கமில்லையே என்றாள்.

இலக்கம்தானே, எடுத்துத் தருகிறேன் என்று மர்சூக் நானாவிடம் தொங்கு தராசை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து பொங்கின கிழமை அது. "இன்னைக்கு ஒரு நாளைக்கு முழு மூச்சாப் பறிங்கம்மா" என்றேன். ரோட்டோரச் சவுக்கு மரத்தில் தராசை மாட்டி, கணக்குப்பிள்ளை வருவதற்கு முன்னால் காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று தடவையும் நானே நிறுத்தேன். மொத்தம் இருபத்தாறு. தராசு முள்ளை ஒவ்வொரு தடவையும் போனில் படம் எடுத்தேன்.

"படமெல்லாம் எடுக்காத புள்ள" என்றாள் அம்மா.

"எனக்கு மட்டுந்தான்மா. வேற யார் பாக்கப் போறா?"

அவள் ஆறு கிலோவை அள்ளி மூக்காயி அக்காவின் கூடையில் போட்டுவிட்டு, கணக்குப்பிள்ளையின் தராசில் இருபதைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

கொழும்பில் அம்மாவுக்குப் புதுச் சிவப்புச் சேலை கட்டி, மூக்குத்தி ஒட்டினார்கள். அவள் மூக்கில் ஏற்கெனவே ஒன்று இருந்தது, அது கமராவில் தெரியவில்லையாம். கூடைக்குள் ஏதோ பூந்தோட்டத்து இலையை நிரப்பியிருந்தார்கள். அம்மா ஒன்றை எடுத்துக் கிள்ளிப் பார்த்து, "இது கொழுந்தில்லையே" என்றாள். பியூமி என்னைப் பார்த்தாள். அம்மாவுக்குச் சந்தோஷம் என்று சொன்னேன். அன்றைக்கு நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது.

உள்ளே போனதும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இருபத்தைந்து லட்சம் கேட்டேன், இருபது வீதப் பங்கு. பையை மாட்டிக் காட்டினேன், ஸிப்பைத் திறந்து கொட்டிக் காட்டினேன், அம்மாவின் உச்சந்தலையையும் காட்டினேன். ஒரு அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுக் கதிரையில் இருந்தவர்தான் அசையவில்லை. எங்கள் தோட்டத்தையும் சேர்த்துப் பல தோட்டங்களை நடத்துகிற கம்பனியின் இயக்குநர் அவர். அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: இந்தப் பையோடு நீங்கள் எத்தனை கிலோ பறிக்கிறீர்கள்?

நான் தமிழில் கேட்டேன். அம்மா, "பதினெட்டு" என்றாள்.

கூடையோடு எத்தனை பறித்தீர்கள்?

"பதினெட்டு."

கண்ணைத் துடைத்த அம்மையார் சிரித்துவிட்டார். அப்படியென்றால் இதைத் தோட்டக் கம்பனி எதற்கு வாங்க வேண்டும் என்றார். நடுக் கதிரைக்காரர் பேனையை மூடி வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு தடவை தைத்துப் பிரித்தது, எட்டு வருடம் இன்னொருவர் மெசினில் குனிந்து கிடந்தது, எல்லாம் இந்த மனுசியின் ஒரு வார்த்தையால் போகிறதே என்று அம்மா மேல் அப்படியொரு கோபம்.

"அம்மா கமராவுக்குப் பயந்துவிட்டார்" என்று சிங்களத்தில் சொன்னேன். "நானே நிறுத்தேன். விசிஹயய்." இருபத்தாறு. போனை நீட்டிப் படங்களைக் காட்டினேன்.

அம்மாவுக்குச் சிங்களம் பேச வராது, அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் இலக்கம் தெரியும். முப்பத்தொரு வருடம் தராசுக்கு முன்னால் நின்றவளுக்கு எந்த மொழியிலும் இலக்கம் தெரியும். அவள் கை பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. நான் தட்டிவிட்டேன்.

நடுக் கதிரைக்காரர் முன்னால் சாய்ந்தார். தினமுமா என்று கேட்டார்.

தினமும் என்றேன்.

கை குலுக்கினார். மேலேயிருந்து பொன் நிறக் கடதாசி கொட்டியது. அம்மாவின் தலையில், முடியில்லாத இடத்திலும் இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டது. திரும்பி வரும்போது பஸ் கடுகண்ணாவை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அம்மா, "தெனமும்னு ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். நான் தூங்குகிற மாதிரி இருந்தேன்.

நிகழ்ச்சியைப் போட்ட ஞாயிறுக்கு மறுநாள் மர்சூக் நானா பட்டறைக்குக் கேக் வாங்கி வந்தார். "இனி நீதான் முதலாளி, எங்களயும் கொஞ்சம் பாத்துக்கொ" என்று பகிடி விட்டார். லயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் வேலை போல என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

பிறகு கம்பனியிலிருந்து ஆள் வந்தது. மாதிரிக்கு மூன்று பை கேட்டார்கள், கொடுத்தேன். வெட்டுகிற அளவு கேட்டார்கள், அட்டையில் வரைந்தே கொடுத்தேன். அந்தப் படங்களையும் கேட்டார்கள், அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம். உங்கள் முயற்சியைப் பாராட்டுகிறோம், தற்போதைய சூழ்நிலையில் முதலீடு செய்ய இயலாதிருக்கிறது.

"பையப் பதிஞ்சீக்கியா புள்ள? பேட்டன்ட், அது இது?" என்று கேட்டார் மர்சூக் நானா.

"இல்ல நானா."

அவர் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அதற்கடுத்த மாதம் லொறியில் பை வந்து இறங்கியது. சாம்பல் நிறம், கம்பனி முத்திரை, வேறெங்கோ தைத்தது. ஸிப்பை அடியில் வைக்காமல் பக்கத்தில் வைத்திருந்தார்கள், மடையர்கள். ஆளுக்கொன்று இலவசம். கூடவே கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பலகையில் ஒரு கடதாசி: புதிய உபகரணம் வழங்கப்பட்டிருப்பதால் வரும் முதலாம் திகதியிலிருந்து முழுப் பேருக்கு இருபத்திரண்டு கிலோ. தொழிற்சங்கத்து ஆள் வந்து சத்தம் போட்டார். தோட்டத்துத் துரை போனைத் திருப்பிக் காட்டினாராம். அதில் நான் இருந்தேன், பல்லைக் காட்டிக்கொண்டு. சங்கத்து ஆள் போய்விட்டார்.

அம்மா இருபத்திரண்டு பறிக்கிறாள். மூச்சு முட்ட, மத்தியானச் சாப்பாட்டை நின்றபடி விழுங்கிவிட்டு, கொழுந்து இல்லாத நாளில் இருட்டுகிறவரை. மூக்காயி அக்காவின் பைக்குப் போட அவளிடம் ஒரு பிடி மிஞ்சுவதில்லை. யாரிடமும் மிஞ்சுவதில்லை. மூக்காயி அக்கா பதினாறு, பதினேழு. தினமும் அரைப் பேர். ஒரு ஞாயிறு தண்ணீர்ப் பைப்படியில் என்னைக் கண்டபோது, திட்டட்டும் என்று நின்றேன். "டீவில நீ நல்லா இருந்த நிஷா" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு முழங்காலை இழுத்து இழுத்துப் போனாள்.

"கழுத்து எப்படிம்மா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"கழுத்து ஒண்ணுமில்ல. ஒன் பையி நல்ல பையிதான்" என்றாள். "இப்ப கைதான் மடங்க மாட்டேங்குது."

போன மாதம் பியூமி மறுபடியும் பேசினாள். சிறப்பு நிகழ்ச்சியாம். முன்பு வந்து போனவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று காட்டப்போகிறார்களாம். கம்பனியும் ஒத்துக்கொண்டுவிட்டது, மலையிலேயே படம் பிடிக்கலாம் என்றாள். முதலீடே கிடைக்கவில்லையே என்றேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம், பை ஆயிரம் பேரின் முதுகில் இருக்கிறதே, அதுதானே வெற்றி என்றாள். போனை அவள் காதிலேயே உடைக்க வழியிருந்தால் உடைத்திருப்பேன். ஆனால் அம்மா, "வரச் சொல்லு" என்றாள்.

வந்தார்கள். நிரையில் பெண்கள் சாம்பல் பையோடு நின்றார்கள். அறிவிப்பாளர் அம்மாவின் பக்கத்தில் போய், இப்போது நாளைக்கு எத்தனை கிலோ என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அவருக்கல்ல, எனக்குச் சொல்கிற பார்வை அது.

"பதினெட்டு" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கம்பனி ஆள் மெல்லச் சிரித்தார்.

"தஹ அட்டய்" என்றேன். பதினெட்டு.

நிறுத்தச் சொன்னார்கள். பலகையில் இருபத்திரண்டு என்றிருக்கிறதே, அம்மா மறந்துவிட்டார், மறுபடியும் கேட்போம் என்றார்கள். மறுபடியும் கேட்டார்கள். பதினெட்டு. தஹ அட்டய். மூன்றாவது தடவையும் அதுதான். நிரையில் பறித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. மூக்காயி அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். அம்மா சொன்னதை ஒரு தடவையாவது சொன்னபடியே சொல்லிவிட்டேன், இனி யார் மாற்ற முடியும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு பின்னேரம் லயத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மலை வந்தது. மேகம் வந்தது. புல்லாங்குழல் வந்தது. அம்மாவின் முகம் பெரிதாக வந்து வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இசைக்கு மேலே வேறொரு குரல் கேட்டது. தெளிவான குரல், சந்தோஷமான குரல்.

"விசிஹயய்." இருபத்தாறு, தினமும்.

போன வருடத்து என் குரல். எடுத்து ஒட்டியிருந்தார்கள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மூக்காயி அக்கா வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும், அந்தக் கடைசி வரைக்கும் எல்லா டீவியிலும் நான்தான் இருபத்தாறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து போய் டீவியை நிப்பாட்டினாள். மடங்காத விரலால் பொத்தானை அழுத்த வராமல் புறங்கையால் அழுத்தினாள்.

"அன்னைக்கு நான் சொன்னதயே நீ சொல்லியிருந்தா ஒனக்கு ஒரு சதம் கெடைச்சிருக்காது புள்ள" என்றாள். "இப்ப மட்டும் என்ன கெடைச்சிச்சி?"

பக்கத்து வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.