காது மெஷினில் ஒரு கரகரப்பு

தொண்டை டாக்டர் சொன்னதை டீச்சர் வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இனிமே கத்தவே கூடாதாம்!" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்தினாள். குரல் நாண்களில் காய்ப்பு விழுந்திருக்கிறது, இப்படியே போனால் குரல் திரும்பி வராது, வகுப்பில் நின்று பாடம் நடத்துவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோபாவில் சாய்ந்திருந்த அவள் கணவர், லாரி மெக்கானிக், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "அதுக்கு ஏன் இப்படிச் சத்தம் போடறே?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவள் கத்துகிறவளே இல்லை. புருவத்தைத் தூக்கினால் போதும், பிள்ளைகள் கப்சிப். அவள் தொண்டையைத் தின்றது வீடுதான். அடுப்படியிலிருந்து ஹாலுக்கு, மாடியிலிருந்து வாசலுக்கு என்று வருஷக்கணக்கில் கத்தியிருக்கிறாள். அந்த வீட்டு விஷயம் அத்தனையும் அக்கம்பக்கத்துக்கு அத்துப்படி. மெக்கானிக்குக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

காது மந்தம் என்று அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும் யாராவது. உடனே ஒர்க்‌ஷாப் புராணம் ஆரம்பித்துவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடுவார். எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதில்லை. "வால்வு சத்தம் கேக்குற காதுக்கு உன் சத்தம் கேக்காதா?" என்பார். எலும்பு வழியாகக் கேட்பது வேறு, காற்று வழியாகக் கேட்பது வேறு என்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் அதையும் கத்தித்தானே விளக்க வேண்டும்! விட்டுவிட்டாள்.

கடைசியில் அவரைத் தரதரவென்று இழுக்காத குறையாகக் காது மெஷின் கடைக்குக் கூட்டிப்போனாள். பரிசோதனை செய்த பெண் பொறுமைசாலி. காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் சின்ன மெஷின்தான் வேண்டும் என்று மெக்கானிக் அடம் பிடித்தார். ஒர்க்‌ஷாப் ஆட்கள் பார்த்தால் கிண்டல் செய்வார்களாம்.

"உங்களுக்குக் குறைஞ்சிருக்கிற அளவுக்கு அதுல சக்தி பத்தாது சார். வேர்வை வேற போய் அடைச்சுக்கும். காதுக்குப் பின்னாடி மாட்டுறதே எடுத்துக்குங்க."

"இது எத்தனை வருஷம் உழைக்கும்? சர்வீஸ் எப்போ விடணும்?"

அந்தப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னாள். இரவில் சார்ஜ் போட வேண்டும், காலையில் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். காதுக்குள் போகும் நுனியில் கடுகளவு வடிகட்டி ஒன்று இருக்கிறது, அழுக்கு அடைத்தால் அதை மட்டும் மாற்ற வேண்டும். "வேற எதையும் நீங்களா திறக்க வேண்டாம் சார். ஆரம்பத்துல எல்லாம் தகர டப்பாவுக்குள்ள கேக்குற மாதிரிதான் இருக்கும். கழட்டாம போட்டுக்கிட்டே இருந்தா பழகிடும்."

முதல் நாள் தட்டு வைக்கிற சத்தத்துக்குத் துள்ளினார். செய்தித்தாளைப் புரட்டிவிட்டு, யாரோ தகரத்தைக் கிழிக்கிறார்கள் என்று எழுந்து பார்த்தார். தாமே மெல்லுகிற சத்தம் தாங்காமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். டீச்சர் வாயே திறக்கவில்லை. பழகட்டும் என்று இருந்தாள். மெல்லமெல்லப் பழகவும் செய்தது. டிவி தணிந்தது. தபால்காரர் கூப்பிட்டால் அவரே எழுந்துபோனார். அப்பாடா என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில்தான் அந்தப் புகார் கிளம்பியது.

"மெஷின்ல ஏதோ கோளாறு. நீ பேசினா மட்டும் கரகரங்குது."

"பழகிடும்ங்க," என்றாள் தணிந்த குரலில்.

"பாரு, இப்பக்கூட! டிவி சுத்தமா கேக்குது. தபால்காரர் பேசினா சுத்தமா கேக்குது. உனக்குத்தான் இது ஒத்துவரல." சொல்லிவிட்டு மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஊரார் பேசினால் மெஷினை மாட்டிக்கொள்வார். பெண்டாட்டி வாயைத் திறந்தால் கழற்றிவிடுவார். எந்தத் தொண்டைக்காக அந்தச் சனியனை வாங்கினார்களோ அந்தத் தொண்டையிலிருந்தே மறுபடியும் கத்த வேண்டியதாயிற்று. தலையைக் கொண்டுபோய் எங்கே முட்டிக்கொள்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. பள்ளியில் பாதி வகுப்பைச் சைகையிலேயே ஓட்டினாள். பிறகு அதற்கும் வழியில்லாமல் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு யாரோ பாடம் நடத்தினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மெக்கானிக் மெஷினைக் கழிவுத் துணியில் சுற்றி எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் திருட்டு முழி.

"சுத்தம் பண்ணேன். இப்ப சத்தமே வரமாட்டேங்குது."

"எதால சுத்தம் பண்ணீங்க?" சைகையும் சேர்த்துக் கேட்டாள்.

"கரகரன்னா உள்ளே தூசி இருக்குன்னு அர்த்தம். காத்தடிச்சேன்."

"எதால காத்தடிச்சீங்க?"

"கம்ப்ரஸர்தான். நம்ம லாரி டயருக்கு அடிப்போமே, அது."

டீச்சருக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. டாக்டராவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தாள். "உங்களுக்கு அறிவு..." என்பது வரைதான் வந்தது. அதற்கப்புறம் வெறும் காற்று. உதடு அசைந்தது, கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. போயே போய்விட்டதோ என்று பயந்தாள். எதிரே மெக்கானிக் ரொம்ப மரியாதையாக, அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் குரல் கொஞ்சம் திரும்பியது, நூலிழையாக. இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். அந்தப் பெண் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "என்ன சார் செஞ்சீங்க இதை?" என்று மட்டும் கேட்டாள். நுனியிலிருந்த ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. அதை மாற்றி, கம்ப்யூட்டரில் இணைத்துச் சரிபார்த்து, அவர் காதில் மாட்டிவிட்டாள்.

"இப்ப எப்படிக் கேக்குது?"

"மணி மாதிரி கேக்குது. நீங்க பேசினா அப்பவும் நல்லாத்தான் இருந்தது. இவ பேசினாத்தான் கோளாறு வரும். இருங்க, காட்டறேன்." டீச்சரைப் பார்த்து, "ம், பேசு," என்றார்.

"என்ன பேசச் சொல்றீங்க?" என்றாள் டீச்சர்.

மெக்கானிக் வெற்றியோடு காதைத் தொட்டுக் காட்டினார். "கேட்டீங்களா? அதே கரகரப்பு! புதுசு போட்டும் போகல."

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மெஷின் சரியாத்தான் சார் இருக்கு. நான் மெஷின் எதுவும் போடல. எனக்கும் அப்படித்தான் கேக்குது."

மெக்கானிக்கின் கை காதிலிருந்து இறங்கியது. மனைவியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை பேசு."

"தொண்டை போச்சு, தொண்டை போச்சுன்னு இத்தனை நாளா என்னத்தச் சொல்லிக்கிட்டு இருந்தேன் நான்?"

அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல," என்றார் மெதுவாக. "ரொம்ப நாளா தேய்ஞ்சிருக்கு. தேயத் தேய ஓட்டியிருக்கு." அவர் குரல் இறங்கிப்போயிற்று. "ஓட்டினது நான்தான். நீ சும்மா என்னை இங்கே இழுத்துட்டு வரத்தான் டாக்டர் பேரைச் சொல்றேன்னு நினைச்சேன்."

டீச்சருக்கு அவரை ஓங்கி ஒரு அறை வைக்க வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியது ஒரு மூட்டை இருந்தது. வருஷக்கணக்கில் சுவரோடு பேசியது அத்தனையும் திரண்டு வந்து தொண்டையில் நின்றது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. அந்தப் பெண்ணின் எதிரிலேயே அழுதாள். தோள் குலுங்கியதே தவிர அதிலும் சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

"வேண்டாம்," என்று மெக்கானிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குக் கேட்டுடுச்சு."