சாகின்பாய் வீட்டில் இல்லாத குழாய்

பிஷ்கெக் நகரின் வடக்குத் தெருக்களில் ஆரிக் தூர்வாருவது கலிபாவின் வேலை. மலைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தெருவோரத்து இந்தத் திறந்த கால்வாய்களில் ஓடித்தான் அலமெதின் ஆற்றில் விழும். பதினோரு வருடங்களில் ஆட்டுக்குடல், அழுகிய முட்டைக்கோஸ், செத்த பூனை எல்லாம் அவள் மண்வெட்டியில் வந்தாயிற்று. அதற்கெல்லாம் பழகிவிட்டாள். இந்த வசந்தத்தில் வந்த கறுப்புக் குழம்புதான் பழகவில்லை.

வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெய். கையுறைக்குள்ளும் புகுந்தது, சோப்புக்கு அசையவில்லை. ரொட்டியைப் பிய்த்தால் ரொட்டியிலும் அதே நாற்றம். மூன்றாம் நாள் மதியம் வாய்க்குக் கொண்டுபோனதைத் துப்பிவிட்டு ஓரமாய்ப் போய்க் குமட்டினாள்.

"எங்கேருந்துடி வருது இந்தக் கருமம்?"

"மேல போய்ப் பாரு. பாத்துட்டு மட்டும் என்ன கிழிக்கப் போற அக்கா?" என்றாள் கூட வேலை செய்யும் ஆசில்.

கறையைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தாள். அது சாகின்பாயின் வீட்டு வாசலில் முடிந்தது. அதற்கு மேலே தண்ணீர் கூழாங்கல் தெரிய ஓடியது. நடைபாதைக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் குழாய் மூக்கு நீட்டி, கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே, வண்டிகளுக்கு அவன் எண்ணெய் மாற்றும் கொட்டகை.

தெருக்கூட்டத்தில் எழுந்து சொன்னாள்.

"என் வீட்ல குழாயா?" சாகின்பாய் சிரித்தான். "சாக்கடையிலயே கிடக்குறவளுக்கு எல்லாமே நாறத்தான் செய்யும். எழுதிக்கோங்கய்யா, என் வீட்ல குழாயே கிடையாது!"

கூட்டமும் சிரித்தது. பாதிப்பேர் வண்டிக்கு வைத்தியன் அவன்தான். கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதியும் கொண்டார்கள்.

மறுநாள் காலை கலிபா கந்தலையும் களிமண்ணையும் அந்தக் குழாய்க்குள் திணித்து, மண்வெட்டிக் காம்பால் இடித்து இடித்து இறுக்கினாள்.

இரண்டு நாள் கழித்து சாகின்பாய் தெருவுக்கு ஓடிவந்தான். கணுக்கால்வரை கறுப்பு. முற்றமெல்லாம் எண்ணெய் நின்று, அவன் மனைவி கழுவி விரித்திருந்த கம்பளம் அதில் ஊறிக் கிடந்தது. உள்ளேயிருந்து அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

"அடைச்சது நீதானே?"

"எதை அண்ணே?"

"குழாயைத்தான்!"

"எந்தக் குழாய்? உங்க வீட்லதான் குழாயே கிடையாதே. கூட்டத்துல எழுதியில்ல வச்சிருக்கு."

வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். சாகின்பாய் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மூன்று நாள் அள்ளினான். அன்றிலிருந்து பழைய எண்ணெய் பீப்பாயில் சேர்ந்து லாரியில் போனது.

ஆரிக் தெளிந்தது. "கெட்டிக்காரிடி நீ! உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டார்கள், அன்று கூட்டத்தில் சிரித்தவர்களே. அந்தச் சிரிப்பை நினைத்ததும், எண்ணெய்க்கு வந்த அதே குமட்டல் கலிபாவுக்கு வந்தது.

"வேலை இருக்கு" என்றாள். பொய்யில்லை. கீழ்த்தெரு ஆரிக்கில் எவனோ கொப்பரை கொப்பரையாக ஆட்டுக்கொழுப்பைக் கொட்டியிருந்தான்.