இவ்வில்லத்தில் புகையிலை

நயா பைசா புழக்கத்துக்கு வந்த மறுவருஷம், திண்டுக்கல்லில் கிதர் முகம்மது விஞ்ஞானி ஆனார். அதுவரைக்கும் தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தார். யாராவது விசாரித்தால், "லெதர் லைன்ல இருக்கேன்" என்பாரே தவிர, தராசைப் பற்றி மூச்சுவிட மாட்டார்.

விஞ்ஞானம் வந்ததற்குக் காரணம் அவர் மனைவி அஜீஸுன்னிசாவின் கண். ஈர விறகை ஊதி ஊதி அது மிளகாய்ப்பழமாகச் சிவந்து கிடந்தது. புகை படாமல் இருந்தால்தான் பார்வை தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேதி பஸ் கண்டக்டர் மூலம் வத்தலக்குண்டுக்குப் போயிற்று. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் அப்துல் வாஹித், அதே கண்டக்டரிடம் பதில் சொல்லி அனுப்பினார்: "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாரேன். கண்ணு தெளியிற வரைக்கும் அஜீசு எங்க வீட்ல இருக்கட்டும்."

தெளிய எத்தனை மாசமாகும் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை.

கிதர் முகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் பந்தி ஆறிப்போகிற வரைக்கும் பேசக்கூடியவர்தான். ஆனால் 'போகாதே' என்கிற ஒரு சின்னச் சொல் அவருக்கு வாயில் வராது. ஆகவே மறுநாள் காலையில், "அஜீசு, நம்ம வீட்ல புகையை ஒழிக்கத் திட்டம் போட்டிருக்கேன்" என்று அறிவித்தார். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் அது. திட்டம் என்று சொல்லிவிட்டால் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

"வெள்ளிக்கிழமை எங்கண்ணன் வந்துருவாக."

"அதுக்குள்ள திட்டம் நிறைவேறிடும்."

"நிறைவேறட்டும். செத்த அந்த ஊதுகுழலை எடுத்துக் குடுங்க."

திட்டத்தின் பெயர் மரத்தூள் அடுப்பு. வடமதுரை டீக்கடை ஒன்றில் அதைப் பார்த்திருந்தார். பார்த்ததைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு உறுத்தல் ஏதும் இல்லை. ரோடு போட்டவர்கள் விட்டுப்போன நசுங்கிய தார் டின் ஒன்று கிடைத்தது. பூட்டுப் பட்டறைக் குப்பையில் ஒரு இரும்புத் தகடு அகப்பட்டது. சாவித் துவாரங்களை எக்குத்தப்பாக வெட்டியதால் தூக்கி எறிந்தது. செத்துப்போன சைக்கிளின் கம்பிகள் சட்டி தாங்க உதவின. மரத்தூளை மரவாடியிலிருந்து அள்ளி வந்தார்.

டின்னுக்கு நடுவில் ஒரு சோடா பாட்டிலை நிறுத்தி, அடிப்பக்கத் துளையில் ஒரு உருட்டுக் கட்டையைச் சொருகி, சுற்றிலும் தூளை இடித்து அடைக்க வேண்டும். பிறகு இரண்டையும் பதமாக உருவிவிட்டால், அந்த வழியே காற்று ஏறி, தூள் உள்ளுக்குள்ளேயே கனன்று எரியும். சாவித் துவாரத் தகடு கீழ்த்துளைக்குக் கதவு.

தகட்டை வெட்டும்போது கட்டைவிரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டார். அஜீஸுன்னிசா பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள்.

"விஞ்ஞானிக்கும் ரத்தம் செவப்பாத்தான் வருது" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சி, "என்னங்க, டின்னுக்குள்ள ரோட்டு வாடை அடிக்கிதே?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கல."

அடிக்காதுதான். இருபது வருஷம் பச்சைத்தோலுக்கு நடுவில் குடித்தனம் நடத்திய மூக்கு அது. தார் அதற்கு அத்தர் மாதிரி. வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று தேய்த்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த தாரை அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்து, அடுப்புத் திறப்பு விழாவுக்குப் போர்டு. போர்டு எழுதுகிற சடையாண்டியிடம், "இவ்வில்லத்தில் புகையில்லை. கண்டுபிடிப்பு: எம். கிதர் முகம்மது" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சடையாண்டி நல்ல கைகாரன். ஆனால் ஊரில் பாதிக் கடை புகையிலைக் கடை; அத்தனைக்கும் போர்டு எழுதியது அவன்தான். கை தன் வழக்கப்படி எழுதிவிட்டது. வாசலில் மாட்டிய கிதர் முகம்மது, தம் பெயர் இருந்த வரியை நாலு தடவை படித்தார். மேல் வரியை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அஜீஸுன்னிசா படித்தாள். சொன்னால் மனுஷன் முகம் வாடிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அக்கம்பக்கத்தார் முற்றத்தில் கூடினார்கள். தோல் ஷாப் மேனேஜர் வெள்ளை ஜிப்பாவோடு வந்தார். "புகை என்பது நம் தாய்மார்களின்..." என்று கிதர் முகம்மது தொடங்கிய பேச்சு அனல்காற்றாக நீண்டது. மேனேஜர் பொறுமை இழந்து தீக்குச்சியைக் கிழித்தார்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் டின்னின் வாயிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு புகை, ரயில் எஞ்சின் தோற்றுப்போகிற மாதிரி கிளம்பியது. தார் உருகி எரிந்தது. "யா அல்லா!" என்று மேனேஜர் தாவினார், அதற்கு முன்பே ஜிப்பா கறுத்துவிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் முற்றம் காலி.

அப்போதுதான் பஸ் இறங்கி வந்த அப்துல் வாஹித் வாசலில் நின்று போர்டையும் புகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, புகையிலைக் கடை போட்டுட்டீகளாக்கும்? சரக்கு அம்புட்டையும் ஒரே நாள்ல பத்த வச்சிட்டீகளே!"

கிதர் முகம்மது அப்போதுதான் மேல் வரியைப் படித்தார். உள்ளே போனார். அஜீஸுன்னிசா ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றியபடி உட்கார்ந்திருந்தாள். தகரப் பெட்டியை இழுத்து, அவள் சேலைகளைத் தாறுமாறாக மடித்து அடுக்கினார். மேலே கண்ணு மருந்துப் புட்டியை வைத்தார்.

"கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்றார். "மருந்து விடுறப்ப தலையைச் சாய்க்க மாட்டா. மோவாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் விடணும். நான் அப்படித்தான்..." அவர் வாழ்நாளிலேயே ஆகச் சின்னப் பேச்சு அதுதான்.

அஜீஸுன்னிசா அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து, "அண்ணன் வந்து ஒரு வாய் டீத்தண்ணி குடிக்கல" என்று முற்றத்துக்குப் போனாள்.

போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். தார் எரிந்து தீர்ந்திருந்தது. அடுப்பின் மேல் கெண்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தகட்டின் சாவித் துவாரங்கள் எல்லாம் உள்ளிருந்து சிவப்பாக மினுங்கின. மேலே ஒரு நூல் புகைகூட இல்லை. அவள் பக்கத்திலேயே குந்தி, கண்ணைக் கசக்காமல் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, டீயைக் குடிச்சிட்டு நீங்க மட்டும் போங்க. ஒரு வாரம் பாப்போம். கண்ணு எரிஞ்சா நானே பஸ் ஏறி வாரேன்."

"பாத்தீங்களா மச்சான்!" கிதர் முகம்மதுவுக்கு உயிர் திரும்பிவிட்டது. "தார் எரியிறது திட்டத்துல முதல் கட்டம்..."

"போயிப் பெட்டியைப் பிரிங்க" என்றாள் அவள். "சேலை மடிச்ச லட்சணம் எனக்குத் தெரியும்."

வாஹித் டீ குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினார். கிதர் முகம்மது போர்டைக் கழற்றப் போனார். நடுவில் ஒரு 'ல்' போட்டு வாங்க வேண்டாமா?

"இருக்கட்டும்ங்க. தப்பா இருந்தாத்தான் கண்ணு படாது."

தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இறக்கிவிட்டு ஆத்தூர் திரும்பிக்கொண்டிருந்த வண்டிக்காரர் மொக்கைச்சாமி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"ஒரு கட்டுப் புகையிலை குடுங்கய்யா."

கிதர் முகம்மது வாயைத் திறக்கும் முன் உள்ளேயிருந்து குரல் வந்தது: "சரக்கு இல்ல அப்பு. தீ இருக்கு. கையில சுருட்டு இருந்தா பத்த வச்சுக்கிட்டு, தள்ளிப் போயிக் குடி."